அப்பாவின் நெகிழ்வட்டுகள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு ‘கருவிகளும் நாமும்’. ஏற்பாட்டாளர்கள் என்னைப் பேச அழைத்ததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். நிலையத்தில் எந்தப் புதிய கருவி வந்தாலும் முதலில் பிரித்துப் பார்ப்பவன் நான். கைத்தொலைபேசி மாற்ற வேண்டுமா, மென்பொருளில் கோளாறா, பிள்ளைக்கு என்ன மின்னியல் விளையாட்டு வாங்கித் தரலாம் என்றெல்லாம் ஒப்பனை அறையிலேயே என்னிடம் கேட்பார்கள். வந்திருக்கும் புதுக் கருவிகளைப் பற்றி நான் பேசுவேன் என்று பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப் போவது ஒரு பழைய காலணிப் பெட்டியைப் பற்றி.

சென்ற ஆண்டு அம்மா சிறிய வீட்டுக்கு மாறினார். சாமான்களை ஒழுங்குபடுத்தியபோது அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் பெட்டி கிடைத்தது. உள்ளே 11 நெகிழ்வட்டுகள். ஒவ்வொன்றின் மீதும் அப்பாவின் கையெழுத்து. ‘சங்கக் கணக்கு’, ‘கூட்டக் குறிப்பு’, ‘அக்கா’. அப்பா 2009இல் காலமானார். ‘அக்கா’ என்று எழுதியிருந்த மூன்று வட்டுகளைக் கையில் எடுத்ததும் அம்மா ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போய்விட்டார். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு நெகிழ்வட்டு என்றால் தெரியாது. மூன்றரை அங்குலச் சதுரம். அதில் 1.44 மெகாபைட் அடங்கும். இப்போது கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் கொள்ளாது. ஆனால் எழுத்து மட்டும் என்றால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொள்ளும். சோனி நிறுவனம் அந்த வட்டுகளின் விற்பனையை 2011இல் நிறுத்தியது. வட்டைப் படிக்கும் வெளிக்கருவி ஒன்றைத் தேடி வாங்கிச் செருகினேன். நான்கு வட்டுகள் கெட்டுப்போயிருந்தன. ஏழு வட்டுகள் திறந்தன. ‘அக்கா’ வட்டுகளில் இரண்டு அவற்றில் அடக்கம்.

மகிழ்ச்சியோடு முதல் கோப்பைத் திறந்தேன். திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. மேலே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும், நாணயக் குறிகளும், கேள்விக்குறிகளும் பக்கம் பக்கமாக வரிசை கட்டி நின்றன. அப்பா எழுதியது அத்தனையும் அங்கே இருக்கிறது; எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. கருவிப் பித்தன் என்று பெயர் வாங்கியவனுக்கு இது பெரிய அடி. ஏன் இப்படி ஆனது என்று தேடப் போனபோதுதான் நம் வட்டாரத்தின் வரலாறு ஒன்று என் கண்முன் விரிந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தட்டச்சு விசையிலிருந்து தொடங்கிய கதை

தமிழில் 247 எழுத்துகள். தட்டச்சு இயந்திரத்திலோ சில பத்து விசைகள்தான். அதற்குள் தமிழை அடக்கிக் காட்டிய முன்னோடி ரா. முத்தையா. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வேலை தேடி வந்தவர். புள்ளியும் விசிறியும் தட்டும்போது இயந்திரம் நகராமல் நின்று, அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து விழும்படி அவர் வழி கண்டார். இயந்திரங்கள் ஜெர்மனியில் செய்யப்பட்டன. அந்த விசை அமைப்பைப் பழகிய விரல்கள் பல தலைமுறைக்குத் தமிழ் அலுவலகங்களை நடத்தின. என் அப்பாவின் விரல்களும் அவற்றில் சேர்ந்தவைதான். அவர் ஒரு கப்பல் நிறுவனத்தில் எழுத்தராக இருந்தார். மாலை நேரங்களில் தமிழ்ச் சங்கம் ஒன்றின் செயலாளர் வேலை.

தட்டச்சு இயந்திரத்தில் ஒரு நன்மை உண்டு. தாளில் விழுந்த எழுத்து எழுத்தாகவே இருக்கும். கணினி அப்படிப்பட்டதில்லை. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். நாம் ‘அ’ என்று தட்டினால் அது ஓர் எண்ணைச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்த எண்ணுக்கு உரிய வடிவத்தை எழுத்துருவிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஒப்பந்தம் இருந்தால்தான் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியும்.

அந்தக் காலக் கணினியில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள். முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்குப் போய்விடும். மிஞ்சிய 128 இடங்களில் தமிழை வைக்க வேண்டும். 1980களிலும் 1990களிலும் தமிழ் ஆர்வலர்கள் பலர் தனித்தனியாக எழுத்துருக்களைச் செய்தார்கள். பலரும் சொந்தப் பணத்திலும் ஓய்வு நேரத்திலும் செய்தது அது. ஆனால் ஆளுக்கொரு வரிசை. ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் இன்னொருவர் ‘ழு’ வைத்தார். கோப்பை அனுப்பினால் எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நான் பார்த்த அதே குப்பைதான்.

நம் மண்ணில் நடந்தவை

இந்த இடத்தில் சிங்கப்பூரையும் மலேசியாவையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். சிங்கப்பூரில் 1981இல் சிம் வோங் ஹூ கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். சீன மொழியைக் கையாளும், பேசும் கணினியாக 1986இல் அவர்கள் கொண்டுவந்த ‘கியூபிக் சிடி’ சந்தையில் எடுபடவில்லை. ஆனால் ஒலி பற்றி அதில் கற்றுக்கொண்டது வீண்போகவில்லை. 1989இல் வந்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ ஒலி அட்டை உலகமெங்கும் கணினி விளையாட்டுகளுக்குக் குரல் கொடுத்தது. சொந்த மொழிக்காகச் செய்த முயற்சி வேறு இடத்தில் பலன் தந்ததற்கு அது ஒரு சான்று. என் வயதுக்காரர்களில் பலர் சிறுவயதில் கணினியில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது அந்த அட்டையின் புண்ணியத்தால்தான்.

அதே ஆண்டுகளில் மலேசியாவில் முத்து நெடுமாறன் தமிழுக்காகக் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ‘முரசு’ 1985இல் உருவானது. பின்னர் வந்த ‘முரசு அஞ்சல்’ நம்மில் பலருக்கு முதல் தமிழ் மின்னஞ்சலை எழுதித் தந்தது. தட்டச்சு பழகாதவர்களும் ஆங்கில விசைகளை ஒலிப்படி தட்டித் தமிழ் எழுதலாம் என்ற வசதி அதில் இருந்தது.

சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றும் திட்டத்தை 1995 அக்டோபரில் அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தார். அதில் தமிழும் இடம்பெற்றது. இணையத்தில் தமிழ் ஏறிய முதல் பக்கங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. 1997 மே மாதம் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ மாநாடு கூடியது. ஆளுக்கொரு வரிசை வைத்திருந்தவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து, இப்படியே போனால் தமிழ் என்னாகும் என்று பேசினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1999இல், நா. கோவிந்தசாமி மறைந்தார். அவர் இட்ட விதையின் முழு விளைச்சலை அவர் பார்க்கவில்லை.

பேச்சு தொடர்ந்தது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையையும், ‘டாம்’, ‘டாப்’ என்ற குறியீட்டு முறைகளையும் ஏற்றது. பல நாட்டு ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து ‘திஸ்கி’ என்ற பொது வரிசையை உருவாக்கினார்கள். 2000ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டின்போது ‘உத்தமம்’ என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரில் மாநாடு. எல்லாரும் ஒரே கருத்தில் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். காரசாரமான விவாதங்கள் நடந்தன. ஆனால் தம் வரிசைதான் உயர்ந்தது என்று நின்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தார்கள். அதுதான் இந்த வரலாற்றின் திருப்பம்.

ஒருங்குறி என்னும் ஒப்பந்தம்

இதற்கிடையே உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் ‘யூனிகோட்’, அதாவது ஒருங்குறி, 1991இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கிவிட்டது. அதில் ‘அ’வுக்கு 2949, ‘க’வுக்கு 2965. அந்த எண்களை வேறு எந்த மொழியும் தொட முடியாது. ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? வீட்டுக் கணினி அதைப் புரிந்துகொள்ள வேண்டுமே. மைக்ரோசாஃப்டின் ‘விண்டோஸ் 2000’ வந்த பிறகுதான் ‘லதா’ என்ற எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழ் பரவலாக வழிபிறந்தது.

128 இடம் போதாது, தமிழின் எல்லா எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று வாதிட்டவர்களும் உண்டு. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றபோது, அனைத்து எழுத்துக்கும் இடம் தரும் ‘டேஸ்16’ முறையையும் மாற்றுவழியாகச் சேர்த்துக்கொண்டது. இன்று நாம் கைத்தொலைபேசியில் அனுப்பும் தமிழ்ச் செய்திகள் ஒருங்குறியில்தான் ஓடுகின்றன.

கைத்தொலைபேசியின் கதையும் சுவையானது. 1997இல் நோக்கியா 6110இல் பாம்பு விளையாட்டு வந்தது. நம் பிள்ளைகள் பேருந்தில் தலை நிமிராமல் பாம்பை வளர்த்தார்கள். ஆனால் அந்தத் திரையில் ‘அம்மா’ என்று தமிழில் எழுத முடியாது. 2005 பொங்கலுக்கு முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ வெளிவந்து அந்தக் குறையைத் தீர்த்தது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் அதற்குள் 160 எழுத்துகள் போகும். ஒருங்குறித் தமிழில் 70 குறியீடுகள்தான். ‘கொ’ என்பதற்கே இரண்டு குறியீடு. எனவே தமிழில் குறுஞ்செய்தி அனுப்பியவர்கள் திருக்குறள்போல் சுருக்கமாக எழுதப் பழகினார்கள். 2013இல் ஆப்பிள் தன் ஏழாம் ஐஓஎஸ் இயங்குதளத்தில் தமிழ் விசைப்பலகையையே சேர்த்துத் தந்தது. தனியாக எதையும் நிறுவ வேண்டிய தேவை அதோடு குறைந்தது.

அத்தையின் பிஸ்கட் டின்

இப்போது அந்தக் காலணிப் பெட்டிக்கு வருகிறேன்.

சங்கக் கணக்கு, கூட்டக் குறிப்பு வட்டுகள் திஸ்கியில் இருந்தன. மற்ற உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்பதால் அப்பா பொது வரிசைக்கு மாறியிருக்கிறார். திஸ்கியை ஒருங்குறிக்கு மாற்றும் இலவச மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தியதும் எல்லாக் கோப்புகளும் தமிழாகிவிட்டன. பலர் கூடி ஒப்புக்கொண்ட வரிசை என்பதால் கால் நூற்றாண்டு கழித்தும் அதற்குத் திறவுகோல் இருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ நம் பழைய நூல்களைத் திஸ்கியில் ஏற்றிப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற முடிந்ததும் இதே காரணத்தால்தான்.

‘அக்கா’ வட்டுகள் அப்படியில்லை. வீட்டுக் கடிதம்தானே என்று, நண்பர் யாரோ தந்த ஒரு பழைய எழுத்துருவில் அவற்றை எழுதியிருக்கிறார். அதில் தட்டச்சு இயந்திரத்தின் விசை அமைப்பு இருந்திருக்கிறது. விரல்கள் பழகிய வழியிலேயே போயிருக்கின்றன. அந்த எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை. எந்த மாற்றியும் அதை அறியவில்லை.

அக்கா என்பது தைப்பிங்கில் இருக்கும் என் அத்தை. சிறுவயதில் பள்ளி விடுமுறை என்றால் எங்களுக்குத் தைப்பிங்தான். பிறகு தாத்தா வீட்டை விற்பது தொடர்பாக அப்பாவுக்கும் அத்தைக்கும் வாக்குவாதம் வந்தது. 1999க்குப் பிறகு போக்குவரத்து நின்றுபோனது. அப்பாவின் இறுதிச் சடங்குக்கு அத்தை வந்தார், ஓர் ஓரமாக நின்றார், போய்விட்டார்.

நான் தயங்கித் தயங்கித்தான் அத்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். “அப்பா உங்களுக்கு எழுதிய கடிதம் ஏதாவது இருக்கா அத்தை?” என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. “டின்னுல இருக்கு தம்பி. வந்து எடுத்துக்கோ” என்றார்.

பிஸ்கட் டின்னில் ஒன்பது கடிதங்கள். கணினியில் தட்டி அச்சுப்பொறியில் எடுத்து, தபால்தலை ஒட்டி அனுப்பியவை. எல்லாம் 1998, 1999ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. மை சற்று மங்கியிருந்தது. ஒவ்வோர் எழுத்தும் எழுத்தாகவே இருந்தது.

அந்தக் கடிதங்களில் நான்கின் மூலக்கோப்புகள் என் வட்டுகளில் இருந்தன. தாளை இடப்பக்கம் வைத்தேன். திரையை வலப்பக்கம் வைத்தேன். ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்று தாளில் இருக்கும் இடத்தில் திரையில் எந்தக் குறி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். இந்தக் குறி ‘அ’. இந்தக் குறி ‘ன்’. பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்றால் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால் என்று சேமித்திருக்கும். ஒருங்குறியில் ‘க’ முதலில் வரும். உயிர்க்குறி பின்னால் வரும். அதையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. மூன்று வார இறுதிகளில் ஓர் அட்டவணை முழுமையானது. ஒரு சிறு நிரல் எழுதி, மீதமிருந்த கோப்புகளை அதில் ஓடவிட்டேன்.

பல கோப்புகள் சாதாரணக் கடிதங்கள். பள்ளியில் நான் வாங்கிய மதிப்பெண், அம்மாவின் முட்டிவலி, தீபாவளிக்கு எத்தனை பேர் வருகிறோம். கடைசிக் கோப்பின் தேதி 2001. டின்னில் அதன் அச்சுப்படி இல்லை. அப்பா அதை அனுப்பவேயில்லை. வீட்டைப் பற்றித் தாம் பேசியது தவறு என்றும், அக்கா சொன்னதுதான் நியாயம் என்றும், அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரலாமா என்றும் கேட்டிருந்தார். ஏன் அனுப்பவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். “உன் அப்பாவுக்கு எழுதத் தெரியும். தபால்பெட்டி வரைக்கும் நடக்கத்தான் தெரியாது” என்றார். அன்று காலணிப் பெட்டியைப் பார்த்ததும் அவர் ஏன் எழுந்து போனார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுபடியும் தைப்பிங் போனேன். அத்தைக்கு இப்போது 78 வயது. கண் சரியாகத் தெரியவில்லை. கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்து, “நீயே படி தம்பி” என்றார். படித்தேன். “இன்னொரு தடவை படி” என்றார். மறுபடி படித்தேன். அன்றிரவு அம்மாவுக்கு அவரே தொலைபேசியில் பேசினார்.

எங்கள் குடும்பம் 24 ஆண்டுகள் இழந்தது கணினியால் என்று நான் பழி சொல்லவில்லை. அது மனிதர்களின் பிடிவாதம். ஆனால் அந்தப் பழைய தாள்கள் இல்லாதிருந்தால், அப்பா மன்னிப்புக் கேட்டது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

நேயர்களுக்குச் சில வார்த்தைகள்

முன்வரிசையில் இருக்கும் இளையர் ஒருவர் உள்ளே வரும்போதே என்னிடம் கேட்டார்: “இப்போதுதான் எல்லாம் மேகக் கணிமையில் இருக்கிறதே, இனி என்ன கவலை?” நியாயமான கேள்வி. 2002இல் தொடங்கிய ‘ஃபிரண்ட்ஸ்டர்’ நினைவிருக்கிறதா? நம் வட்டாரத்து இளையர்கள் அதில்தான் குடியிருந்தார்கள். பின்னர் அது மலேசிய நிறுவனத்தின் கைக்கு வந்து, 2011இல் விளையாட்டுத் தளமாக மாறியபோது, பயனாளர்களின் பழைய படங்களும் பதிவுகளும் அழிக்கப்பட்டன. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அலமாரியில் தூங்கிய பழைய கைத்தொலைபேசிகள் அத்தோடு பேச்சை நிறுத்தின. என் முதல் கைத்தொலைபேசிக்கு அப்பா அனுப்பிய குறுஞ்செய்திகளும் என்னிடம் இன்று இல்லை. புதுக் கருவி வாங்கிய மகிழ்ச்சியில் பழையதைக் கொடுத்துவிட்டேன். அவற்றை மீட்க எந்த அட்டவணையும் உதவாது.

ஆகவே மூன்று வேலைகளை உங்களிடம் விட்டுச் செல்கிறேன். முதலாவது, வீட்டில் பழைய வட்டுகள், கணினிகள் இருந்தால் இந்த ஆண்டே திறந்து பாருங்கள். காந்த வட்டு ஆண்டுக்கு ஆண்டு நலிந்துகொண்டே போகும். இரண்டாவது, பழைய எழுத்துருவில் இருக்கும் தமிழை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். சங்கங்கள், ஆலயங்கள், தமிழ்ப் பள்ளிகளின் 1990களின் ஆவணங்கள் பல இந்த நிலையில்தான் இருக்கும். மாற்றத் தெரிந்த இளையர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், கேட்டால் செய்வார்கள். மூன்றாவது, மிக முக்கியமானவற்றைத் தாளிலும் அச்செடுத்து வையுங்கள். கருவிப் பித்தன் சொல்கிறானே என்று சிரிக்காதீர்கள். என் அப்பாவின் எழுத்துக்குத் திறவுகோல் ஒரு பிஸ்கட் டின்னில்தான் இருந்தது.

தமிழைக் கணினியில் ஏற்றியவர்கள் தமக்குள் ஆயிரம் கருத்து வேற்றுமை இருந்தும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அவர்கள் அனுப்பிய எழுத்து இன்று உலகெங்கும் படிக்கப்படுகிறது. நாமும் எழுதி வைத்ததை அனுப்பிவிடுவோம்.